வருஷம் தவறாமல் ரத்தம் பார்க்கிற மாப்பிள்ளை

ரிஜேஷுக்குப் பெண் கேட்டு வந்த தரகர் சங்கரன் முதலில் எடுத்துப் போட்ட சீட்டே அதுதான். "பையனுக்குக் குடி இல்லே, கூத்து இல்லேன்னு நான் வாயால சொல்ல வேண்டியதில்லே. வருஷம் தவறாம கல்ஃப்ல ரத்தம் பாக்கறாங்க. எல்லா வருஷமும் ஃபிட். இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?" பிரஜிஷாவின் அப்பா யோசிக்கவே இல்லை, தலையாட்டிவிட்டார். வடகரைப் பக்கம் ஜாதகம் பொருந்தாமல் கல்யாணம் நடந்திருக்கிறது. கல்ஃப் மெடிக்கலில் தேறாதவனுக்குப் பெண் கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஊரில் அதை ஒரு நல்லொழுக்கச் சான்றாகவே வைத்திருந்தார்கள். நெஞ்சுச் சளிக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவனும், காமாலைக் கிருமிக்காகத் திரும்பி வந்தவனும் 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு மீதி ஆயுளை ஓட்ட வேண்டியதுதான். என்ன வியாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே அவரவர் மனசுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து ரிஜேஷுக்குக் குடும்ப விசா கிடைத்தது. நாலு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே கூரையின்கீழ் இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தால், ஒரு மழைக்காலம் தேறும். பிரஜிஷா வடகரை துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டாள். மாமியார் நளினி தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கோழிக்கோட்டுக்குப் போய் மெடிக்கல் கொடுத்துவிட்டு வந்தால் டிக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி.

அங்கே போகிற எல்லாரையும் போல அவளும் டோக்கன் வாங்கி, சிறுநீர்க் குப்பியைத் துப்பட்டாவில் மறைத்து, எக்ஸ்ரே அறையில் மூச்சை அடக்கி, கையை நீட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் பாரகன் மார்க் செருப்பா, ஹீல்ஸா, எதை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டு வந்ததை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

விசா ஏஜெண்ட் பாபு மறுநாள் போன் செய்தான். எப்போதும் கடைத்தெரு கேட்கப் பேசுகிறவன் அன்று குசுகுசுத்தான். "சேச்சி, அன்ஃபிட்னு வந்திருக்கு. போன்ல வேண்டாம். நேர்ல வாங்க."

நேரில் போனாள். வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றான். என்னவென்று கேட்டதற்கு மேசையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க மெடிக்கல் காலேஜ்ல போய்க் காட்டுங்க. தோல் பிரிவுல," என்றான். பாபுவின் ஆபீசை ஒட்டித்தான் ஆட்டோ ஸ்டாண்டு. மானம் போகிற வியாதிக்கும் அங்கேதான் பார்ப்பார்கள். தோல் பிரிவு என்ற சொல் அவள் வீடு சேருவதற்கு முன்னாலேயே ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்திருந்தது.

மெடிக்கல் காலேஜில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் அதேதான். ஆலோசனை சொல்கிறவள் ரஜனி என்று ஒருத்தி, இவள் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இதுக்குப் பேரு சிஃபிலிஸ். உறவு மூலமா வரும். வெளிய ஒண்ணுமே தெரியாம வருஷக்கணக்கா ரத்தத்துல இருக்கும். பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு ஊசி, மூணு வாரம், போயிடும்."

"எனக்கு எப்படி?"

"கல்யாணம் ஆனவங்கதானே?"

"அவர் ஃபிட். வருஷா வருஷம் பாக்கறாங்க."

ரஜனி ஊசிக்கான சீட்டை எழுதிக்கொண்டே சொன்னாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவரையும் கூட்டிட்டு வந்து ஊசி போடணும். இல்லேன்னா உங்களுக்குப் போடறது வீண். அப்புறம் ஒண்ணு, குணமான பிறகும் சில டெஸ்ட்டுல இது வந்துட்டுப் போன அடையாளம் காட்டிட்டே இருக்கும். விசாக்காரங்களுக்கு அது போதும்."

இடுப்புக்குக் கீழே போட்ட ஊசி, காலே கழன்று போவதுபோல வலித்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வந்து கணவனுக்குப் போன் போட்டாள். ரிஜேஷிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றான்.

"என்ன யாரு?"

"ஆளு யாருன்னு கேக்கறேன்."

 நாலு வருஷமாகத் தினமும் ராத்திரி சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்ட அதே குரல். "நீங்களும் ஒரு தடவை டாக்டரைப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு? மார்ச்லதான் பாத்தாங்க. அந்த ரிப்போர்ட்டை அம்மாவுக்கு இப்பவே அனுப்பறேன், நல்லா கண்ணைத் தொறந்து பாரு."

அனுப்பினான். அம்மா அதைத் தன் அண்ணன் குஞ்ஞிராமனுக்கு அனுப்பினாள். குஞ்ஞிராமன் என்றால் அந்த வீட்டுக்கு அம்மாவன், தாய்மாமன். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. இருபது வருஷம் கல்ஃபில் கையை நீட்டி ஒரு தடவைகூடத் தவறாதவர். தன் கடன் தீர்ந்ததைக்கூட அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். முடிவு என்ன என்பது யாருக்கும் தெரியாததல்ல. அவளை அவள் வீட்டுக்கு அனுப்புவது, விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்குவது, அவள்தான் கெட்டவள் என்று ஊரறியச் சொல்லி அனுப்புவது. வீட்டைவிட்டுப் போவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பேரோடு போவதுதான் முடியாததாக இருந்தது. அவள் வீட்டில் தங்கை ஒருத்தி பெண் பார்க்க வர இருக்கிறவர்களுக்காகக் காத்திருந்தாள்.

மாமியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அடுப்படிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துக் குளியலறைப் பக்கம் வைத்தாள். சோற்றைக் கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டாள், கரண்டி தட்டில் படாமல்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிரஜிஷாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்ததுதான். அவன் ஃபிட். காகிதத்தில் முத்திரையோடு இருக்கிறது. அப்படியானால் வேறு எங்கிருந்து? கடையில் ஸ்டாக் எடுக்கும் சுனிலின் பைக்கில் ஒரு மழை நாளில் ஏறி வந்ததை நினைத்துப் பார்த்தாள். பல் பிடுங்கப் போன ஆஸ்பத்திரியை, கோயில் குளத்தை, பஸ் ஸ்டாண்டு கக்கூஸை நினைத்துப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் தன் உடம்பு மட்டும் எழுந்து யாரிடமாவது போய்விட்டு வந்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பைத்தியம் பிடிக்க வைக்க அந்த ஒரு முத்திரை போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷினோஜ் வந்தான். ரிஜேஷோடு ஒரே அறையில் படுக்கிறவன், லீவில் வந்திருந்தான். லீவில் வருகிறவன் அறையிலுள்ள எல்லார் வீட்டுக்கும் ஒரு நடை போக வேண்டும். சென்ட்டு பாட்டிலும் பால்பவுடர் டின்னும் கொடுத்து, திரும்பிப் போகும்போது ஊறுகாயும் சிப்ஸும் வாங்கிப் போக வேண்டும். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அடுப்படிக்குள் போகக்கூடாது என்ற உத்தரவை மீறி பிரஜிஷா அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். அவனுக்கு இன்னும் எதுவும் எட்டவில்லை என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. அண்ணியை ஏட்டத்தி என்றுதான் கூப்பிடுவான்.

"ஏட்டத்தி அங்க வந்து சேர்ந்ததும் முதல் வேலையா ரிஜேஷேட்டனோட சாயாவுல கை வைக்கணும்," என்றான் சிரித்துக்கொண்டு. "மூணு ஸ்பூன் சீனி போடறார். சுகரை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? நானும் எத்தனை தடவைதான் கையை நீட்டறது."

"யாருக்குச் சுகர்?"

"ஏட்டனுக்குத்தான். உங்ககிட்ட சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டார், பயப்படுவீங்கன்னு."

"நீ எதுக்குக் கையை நீட்டணும்?"

ஷினோஜ் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். பெரிய சாமர்த்தியத்தைச் சொல்லப்போகிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. "நாங்க தங்கியிருக்கற கேம்ப்புக்கு ரத்தம் எடுக்க வேன் வரும் ஏட்டத்தி. நம்பரைத்தான் கூப்பிடுவான். ஒரே சட்டை, ஒரே தொப்பி, எவன் மூஞ்சியைப் பாக்கறான்? முதல்ல என் நம்பருக்கு இடது கையை நீட்டுவேன். அப்புறம் போய் வரிசை கடைசியில நின்னு ஏட்டன் நம்பருக்கு வலது கை. சுகர்னு தெரிஞ்சா ட்ரைவர் வேலையிலேர்ந்து இறக்கி ஸ்டோர்ல மூட்டை தூக்க வச்சிடுவாங்கன்னு அழாத குறையாச் சொன்னார். ரூம்மேட்டுக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"எப்பேர்ந்து இது?"

"ரெண்டு வருஷமா."

"போன ஓணத்துக்கு அவர் லீவுல வந்தாரே. அதுக்கு முன்னாடியேவா?"

"முதல் தடவை அதுக்கு முன்னாடிதான்."

 ரிஜேஷ் யாரிடமோ போயிருக்கிறான் என்பது பிரஜிஷாவை அவ்வளவாகத் தாக்கவில்லை. தகரக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடக்கிற ஆம்பிளை. அழுது தீர்த்துவிட்டு அதைக்கூட அவள் ஒருநாள் பொறுத்துப் போயிருப்பாள். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுகர் என்பது ஷினோஜுக்காகச் சொன்ன பேர், அந்த மூணு ஸ்பூன் சீனியே அதைச் சொல்லிற்று. ஆள் மாற்றி ரத்தம் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாமல், ஓணத்துக்குப் புதுச் சேலையோடு வந்து அவள் பக்கத்தில் படுத்திருக்கிறான். 'யாரு' என்று கேட்டானே, அந்த வாயைக் கிழித்தால் என்ன என்று இருந்தது.

அவள் ஷினோஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வியாதியின் பேரைச் சொன்னதும் அவன் சாயாவைக் கீழே வைத்துவிட்டான். தன் வலது கையை, அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறதுபோல, ஒரு தடவை பார்த்தான்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா ஏட்டத்தி?"

"இப்பத்தானே எனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடறாங்க. நீ வந்து இந்த ஒரு வார்த்தையைச் சொன்னா போதும் ஷினோஜ். நான் கெட்டவ இல்லேன்னு சொல்ல வேண்டாம். யார் கையில ரத்தம் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்தி அனுப்பிடுவான்."

"கம்பெனிக்கு யாரு சொல்லப் போறா? இந்த வீட்டுக்குள்ள சொல்லு."

"பாக்கறேன்," என்றான். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் நாற்காலிகள் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கொடுத்தவர்கள் மதிலோரம் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றார்கள். பிரஜிஷாவின் அப்பா சட்டை காலரைச் சரி செய்துகொண்டே இருந்தார். தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போனுக்குள் ரிஜேஷ் இருந்தான், தலையை நன்றாக வாரி. ஷினோஜையும் குஞ்ஞிராமனே கூப்பிட்டிருந்தார். கூடவே இருக்கிறவன், ரிஜேஷ் எப்படிப்பட்டவன் என்று அவன் சொல்லட்டுமே என்று.

"நமக்கு யார்மேலயும் விரோதம் இல்லே," என்று அம்மாவன் ஆரம்பித்தார். விரோதம் உள்ளவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். "ரத்தம் பொய் சொல்லாது. எங்க பையன் ரத்தம் இதோ இருக்கு, எல்லா வருஷமும் சுத்தம். உங்க பொண்ணு ரத்தமும் இருக்கு. வச்சுப் பாத்துக்குங்க. கடைக்கு வேலைக்கு விட வேண்டாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"அது அவர் ரத்தம் இல்லே அம்மாவா," என்றாள் பிரஜிஷா.  "ரெண்டு வருஷமா அவர் நம்பருக்குக் கையை நீட்டினது ஷினோஜ். கேட்டுப் பாருங்க. இங்கதானே இருக்கான்."

 போனுக்குள்ளிருந்து ரிஜேஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஷினோஜே, பாத்தியாடா. கடைசியில உன்னையும் இழுத்து விட்டுட்டா. இனி உன் வேலைக்கும் ஆபத்துதான், ஜாக்கிரதையா இரு."

எல்லார் முகமும் ஷினோஜின் பக்கம் திரும்பியது. அவன் டம்ளரை ஊதிக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டம் எந்த ரத்தத்தின் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்ததோ, அது நீலச் சட்டை போட்டுக்கொண்டு சாயா ஆற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லு மோனே," என்றார் அம்மாவன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் ஷினோஜ். "என் நம்பருக்கு நான் கொடுத்தேன். ஏட்டன் நம்பருக்கு ஏட்டன் கொடுத்தார்."

"என்னைப் பாத்துச் சொல்லு," என்றாள் பிரஜிஷா.

அவன் பார்க்கவில்லை.

"சரி, அவன் சொல்ல வேண்டாம்," என்றாள். போனைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க வாங்க. பத்து நாள் லீவு போட்டுட்டு வாங்க. இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவை ஊசி குத்திக்குங்க. சுத்தம்னு வந்தா நான் எல்லார் கால்லயும் விழுந்துட்டுப் போறேன்."

"எனக்கு லீவு இல்லே."

"அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட..."

"ஃபிட்டான ஆளை எதுக்கு மறுபடியும் குத்தணும்?" என்று அம்மாவன் குறுக்கே வந்தார். "இருபது வருஷம் நான் பாத்த மெடிக்கல். அங்கத்த டாக்டர் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது. சொந்தத் தப்பை மறைக்க ஊரான் வீட்டுப் பையன் கையைப் பிடிச்சு இழுக்கற பொண்ணை இனி இந்த வீட்டுல வைக்க முடியாது. நீங்க கூட்டிட்டுப் போங்க."

அப்பா எழுந்தார். அவருக்காவது மகளை நம்பத் தோன்றியதா என்று பிரஜிஷா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆட்டோ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார். "வா மோளே, போலாம். போய்ப் பேசிக்கலாம்," என்றார்.

அவள் உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடைத்தாள். அவளுடைய சுடிதார் ஒன்று பின்கட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை விட்டுப் போக மனசில்லை. இந்த வீட்டில் தன்னுடைய நூல்கூட மிஞ்சக்கூடாது என்ற வெறி. எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டிய சந்து வழியாகவே வாசலுக்கு வந்தாள். சந்து முனையில், பைப்படியருகே, மாமியார் ஷினோஜை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஊறுகாய்ப் பாட்டிலை அவன் பைக்குள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே, நளினி மெல்லிய குரலில் கேட்டாள்.

"அடுத்த மார்ச்லயும் நீ அவன் ரூம்லதானே இருப்பே மோனே? வேற கேம்ப்புக்கு மாத்திட மாட்டாங்களே?"

"இருப்பேன் அம்மே."

"அவனைத் தனியா விட்டுடாதே. கூடவே நில்லு. வரிசையில."

பிரஜிஷா அப்படியே நின்றாள். இத்தனை நாளும் இந்தப் பொம்பளை தன்னை நம்பவில்லையே என்றுதான் அவள் அழுதிருந்தாள். நம்பியிருக்கிறாள். முன்னறையில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நம்பாதவர்களை என்றாவது ஒருநாள் நம்ப வைக்கலாம். இவளை என்ன செய்வது.

சருகு மிதிபட்டுச் சத்தம் கேட்டு நளினி திரும்பினாள். ஷினோஜ் பையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். மாமியார் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போயிற்று. வெட்கமா பயமா என்று சொல்ல முடியாது.

"எனக்குன்னு அவன் ஒருத்தன்தானே மோளே," என்றாள்.

"அதனாலதான் சொல்றேன் அம்மே," என்றாள் பிரஜிஷா. "எனக்கு இன்னும் ரெண்டு ஊசி பாக்கி, அதோட எனக்கு முடிஞ்சுது. அவருக்கு உள்ளுக்குள்ள இருக்கு. விட்டா மூளைக்கு ஏறும், கண்ணைப் பிடுங்கும், ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ரத்தம்தான் ஷினோஜ் கையிலேர்ந்து எடுக்கலாம். ஊசியை ஷினோஜுக்குப் போட்டா உங்க மகனுக்குக் குணமாகாது."

 நளினி பைப்பைத் திறந்து, கழுவவேண்டிய அவசியமே இல்லாத கையைக் கழுவத் தொடங்கினாள்.

பிரஜிஷா சுடிதாரை மடிக்காமலே பைக்குள் திணித்தாள். மதிலோரத்துக்காரிகள் வழிவிட்டு நின்றார்கள். அப்பா ஏற்கெனவே ஆட்டோவுக்குள் ஏறி, அந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வேண்டியதைவிட அதிக இடம் விட்டிருந்தார்.